கவனமில்லாத ஹெல்பர்

ஐஸ்பெட்டிக்குப் பிரிவுபசார விழாவாம். அழைப்பிதழ் அடித்திருந்தார்கள், வழவழப்பான தாளில் நாலு பக்கம். முதல் பக்கத்தில் அவன் படம். கோட்டு, டை, பின்னால் ஒரு விமானம். அந்த விமானத்தில் ஒரு ரிவெட்டைக்கூட அவன் கையால் அடித்திருக்க மாட்டான் என்று நான் எழுதியே தருவேன். உள்பக்கத்தில் 'விமான உற்பத்தியிலும் தொழில்நுட்பக் கல்வியிலும் முப்பத்தாறு ஆண்டுகால அர்ப்பணிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன் மேல் வைத்தேன். மகள் ஓடிவந்து உருவி எடுத்துத் துடைத்தாள். டைரக்டர் சாருடைய அழைப்பிதழை இப்படியா செய்வது என்று முகத்தைச் சுளித்தாள்.

அவளுக்கு அவன் டைரக்டர் சார். எனக்கு என்றைக்கும் ஐஸ்பெட்டிதான். அந்தப் பெயரை வைத்தது நானில்லை, விமான இறக்கை கட்டும் ஷெட்டே சேர்ந்து வைத்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அவன் அங்கே ரிவெட் ஸ்டோர் குமாஸ்தா. இடுப்புயர ஃப்ரீஸர் ஒன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். புழுக்கமான நாட்களில் அதன் மூடியைத் திறந்து முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். அந்தத் தொழிற்சாலையில் அவன் வெட்டி முறித்த வேலை அவ்வளவுதான்.

ரிவெட் என்பது தலை வைத்த ஒரு குட்டை ஆணி. இரண்டு தகடுகளைச் சேர்த்துத் துளையிட்டு அதை உள்ளே விடுவார்கள். வெளியிலிருந்து ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தலையில் அடிப்பார். உள்ளேயிருந்து இன்னொருவர் ஒரு இரும்புக் கட்டியை வால் பக்கம் அழுத்திப் பிடிப்பார். அடிக்கிற அடியில் வால் நசுங்கிப் பரந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். இறக்கையில் போடுகிற சில வகை ரிவெட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. சூடாக்கிக் குளிர்வித்த கையோடு மெத்தென்று இருக்கும், வெளியில் கிடந்தால் தானாக இறுகிப்போகும். அதனால் ஃப்ரீஸரில் வைத்திருந்து, எடுத்த இருபது நிமிஷத்துக்குள் அடித்துவிட வேண்டும். மிஞ்சியதைத் திரும்பப் பெட்டிக்குள் போடவே கூடாது. சிவப்புத் தொட்டியில் போட்டு மறுபடி சூடாக்க அனுப்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்த எவளுக்கும் விளங்கும்.

வெளியே துப்பாக்கியோடு நிற்பவர் டெக்னீஷியன். உள்ளே இறக்கையின் வயிற்றுக்குள் ஒருக்களித்துக் கிடப்பவர் ஹெல்பர். வெளியே இருப்பவருக்குத் தெரிவது பளபளவென்ற தலை மட்டும். ரிவெட் நல்லதா கெட்டதா என்பது வாலைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் சம்பளம் தலையைப் பார்க்கிறவருக்கு ஒன்றரை மடங்கு. எந்த மகாபுத்திசாலி இந்தக் கணக்கைப் போட்டானோ தெரியவில்லை. நான் ஹெல்பர். என் துப்பாக்கிக்காரர்தான் பிறகு என் வீட்டுக்காரர் ஆனார். உள்ளேயிருந்து கட்டியால் தகட்டைத் தட்டித்தான் அவரிடம் பேச முடியும். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுவிட்டது, எடு. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் குறைந்தது.

மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது ஒருநாள் காலை ஷிஃப்டில், புதிதாக அடித்த ரிவெட்டின் வாலைத் தடவிப் பார்த்தேன். விளிம்பு நெருடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பனிக்காலத்து உதடு மாதிரி வெடித்திருந்தது. மூன்று தட்டு தட்டினேன். அவர் அதைத் துளைத்து எடுத்துவிட்டு வேறொன்று போட்டார். அதுவும் வெடித்தது. நாலாவது தடவை தட்டியபோது, கட்டியைக் கோணலாகப் பிடித்துத் தொலைக்கிறாயா என்று வெளியிலிருந்து கத்தினார். நான் ஊர்ந்து வெளியே வந்து ரிவெட் தட்டைப் பார்த்தேன். இறுகிப்போன பழைய ரிவெட்டுதான் அப்படி வெடிக்கும். முந்தின நாள் மிச்சத்தை யாரோ பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. பெட்டியின் சாவி அவன் இடுப்பில். மிச்சத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும், அந்தச் சோம்பேறிக்குப் பேனாவைப் பார்த்தாலே கை வலிக்கும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அவன் தட்டுகளைப் பெட்டிக்குள் கவிழ்ப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சூடாக்கி வந்த புதுச் சரக்கு என்று நினைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மாடியில் இருந்தார். ஹெல்பர்கள் மாடி ஏறக் கூடாது என்பது அங்கே சட்டம். வெடித்த வால் நாலையும் தட்டோடு ஐஸ்பெட்டியின் கையில் கொடுத்து, மேலே கொண்டுபோய்க் காட்டு என்றேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குத் திமிர் ஏறிவிட்டது. அவன் செய்த தப்பை அவனே சுமந்துகொண்டு படியேறட்டும் என்று நின்று வேடிக்கை பார்த்தேன். வடிகட்டின முட்டாள்தனம். வெளுத்த முகத்தோடு ஏறியவன், அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் தோளில் கை போட்டு அழைத்துவர இறங்கினான். விரிசலைக் கண்டுபிடித்தது அவனாம்.

ஏழு இறக்கைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கெட்ட ரிவெட் இருநூற்றுச் சொச்சம். கண்டுபிடித்தவன் அவன் என்றானபின், தப்புச் செய்த ஆள் ஒன்று வேண்டுமே. பெட்டிக்கும் இறக்கைக்கும் நடுவே தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். 'என் ஹெல்பர் மிச்சத்தைப் பெட்டிக்குள் போட்டதைப் பார்த்தேன்' என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்கள். யோசிக்க ஒருநாள் அவகாசம் வேறு. மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். கட்டின பெண்டாட்டியின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்கு மறுநாள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போனார். எனக்கு அன்றோடு வேலை முடிந்தது.

ஐஸ்பெட்டி அதற்குப் பிறகு தரையில் நடக்கவே இல்லை. தரப் பிரிவுக்குத் தூக்கினார்கள், அங்கிருந்து பயிற்சிப் பிரிவு, அங்கிருந்து தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், கடைசியில் அதற்கே டைரக்டர். துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவன், துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு மார்க் போடுகிறான். போகிற இடமெல்லாம் அந்த விரிசல் கதையைச் சொல்லியே பிழைத்தான். இளம் வயதில் தனி ஆளாக உற்பத்தியை நிறுத்தி ஏழு விமானங்களைக் காப்பாற்றிய வீரனாம். பாடப் புத்தகத்திலேயே அதை ஏற்றிவிட்டான். ஒரு அத்தியாயம், இரண்டு படம், கடைசியில் ஐந்து கேள்வி.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் கூரைத் தகட்டுக்குக் கட்டி பிடித்தேன். என் வீட்டுக்காரர் அதே ஷெட்டில் ஓய்வு பெறும்வரை குப்பை கொட்டினார். இப்போது ஜன்னலோர நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் குடியிருக்கிறார். அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறேன், துணி துவைக்கிறேன், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை அன்பாகப் பேசியதில்லை. முதுகெலும்பில்லாத மனுஷனிடம் என்ன பேசுவது? அவரும் ஏன் என்று கேட்டதில்லை. மகளுக்கு இந்தக் கதை தெரியாது. நீ பிறந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

விதி எப்படிப் பல்லை இளித்தது பாருங்கள். மகள் படித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது அதே பயிற்சி நிலையத்தில். ஆறு வருஷமாக ஒப்பந்த ஆசிரியை. வருஷா வருஷம் மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பி ஜூனில் கூப்பிடுவார்கள். அப்பா பெயர் அவள் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. ஐஸ்பெட்டிக்குப் படித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால்தானே. இந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அவளுக்கு முப்பத்துமூன்று வயது, வரம்பு முப்பத்துநாலு. இதைக் கோட்டை விட்டால் அப்புறம் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. மூன்று பேர் கமிட்டி முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைவர் ஐஸ்பெட்டி, ஓய்வு பெறுவதற்கு முன் அவன் செய்கிற கடைசித் திருப்பணி. தலைப்பை அவனே கொடுத்திருந்தான். சொல்லவா வேண்டும், ஃப்ரீஸர் ரிவெட்டும் விரிசல் கதையும்தான்.

வகுப்பில் ரிவெட் அடித்தும் காட்ட வேண்டும். பட்டறை உதவியாளர் முதுகுப் பிடிப்பு என்று படுத்துவிட்டார். மகள் இரண்டு நாள் அலைந்துவிட்டு, கட்டி பிடிக்க வர முடியுமா என்று என்னைக் கேட்டாள். அறுபதைத் தொடப்போகிறவளை இதற்குக் கூப்பிடுகிறாயே என்று முறைத்தேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோனது உண்மை. ஐஸ்பெட்டியின் முகத்தைப் பக்கத்தில் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். என்னைக் கண்டதும் அந்த முகம் மறுபடி வெளுக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் ஒத்திகை பார்த்தோம். இஸ்திரிப் பலகையை நிறுத்தி அதுதான் தகடு என்று வைத்துக்கொண்டாள். நான் அதற்குப் பின்னால் ஸ்டூலில். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால். ரிவெட்டின் குணத்தை மகள் அழகாகச் சொன்னாள். வளவளவென்று இழுக்கவில்லை, இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொட்டிப் பயமுறுத்தவில்லை. பிறகு கதைக்கு வந்தாள். "இந்த விபரீதத்துக்குக் காரணம் கவனமில்லாத ஒரு ஹெல்பர். படிப்பறிவு இல்லாத அந்தப் பெண், மிச்ச ரிவெட்டைத் திரும்பப் பெட்டியில போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆறு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு பிரிவு. என் பிள்ளை என்னைப் பற்றித்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். பாடத்தில் ஐஸ்பெட்டி ஏறியிருக்கிறான் என்று தெரியும். நானும் ஏறியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேப்பர் அசைந்தது.

முப்பத்தோரு வருஷம் கட்டிவைத்த வாயை அவிழ்த்துவிட்டேன். அந்தக் கவனமில்லாதவள் நான்தான் என்று ஆரம்பித்து, பெட்டிச் சாவி, வெடித்த வால், மாடிப்படி, கடைசியில் கையெழுத்துவரை கொட்டினேன். கையெழுத்து என்றபோது பேப்பரைப் பார்த்து விரலை நீட்டினேன். மகள் இஸ்திரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள், கமிட்டி முன்னாலேயே உண்மையைப் போட்டு உடைக்கப்போவதாகச் சொன்னாள். தலைமை அலுவலகத்து மேடம் வருகிறார்களாம், அவர்கள் நியாயமானவர்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தோரு வருஷத்துக் குப்பையைக் கிளற அந்த மேடத்துக்கு என்ன தலையெழுத்து? இவள் வாயைத் திறந்தால் அன்றோடு வீட்டுக்கு அனுப்புவார்கள், ஐஸ்பெட்டி மாலையும் கழுத்துமாக அவன் வீட்டுக்குப் போவான். அதை விளங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அழுதாள், கத்தினாள், எப்படிம்மா என் வாயால சொல்லுவேன் என்று கேட்டாள்.

"வாயாலதான் சொல்லணும். ஒரு வரி. சொல்லிட்டு வேலைய வாங்கிட்டு வா. என் மானத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மாதிரி வகுப்பு நடந்த அறை நீளமாக இருந்தது. மூலையில் ஒரு சின்ன ஃப்ரீஸர், நடுவில் சட்டத்தில் நிறுத்திய ஒரு தகடு, எதிரே மூன்று நாற்காலி. ஐஸ்பெட்டி நடுவில். தலை நரைத்து, கன்னம் தொங்கி, தொப்பை மேல் டை படுத்திருந்தது. இடப்பக்கம் தலைமை அலுவலகத்து மேடம், மடியில் காகிதக் கட்டு. வலப்பக்கம் இருந்த பெரியவர் உட்கார்ந்ததுமே தூங்கத் தயாராகிவிட்டார். நான் பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு, கட்டியைக் கையில் எடுத்தேன். ஐஸ்பெட்டி என்னை நிமிர்ந்து பார்த்தான். "வாங்கம்மா, உக்காருங்க" என்றான். அவ்வளவுதான். வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. யாரை மென்று தின்று இந்த உயரத்துக்கு ஏறினானோ அந்த முகத்தைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஜென்மம்.

தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மகள் ஃப்ரீஸரைத் திறந்து தட்டை எடுத்தாள். எடுத்த நேரத்தைப் பலகையில் பெரிதாக எழுதினாள். துப்பாக்கியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது, கை நடுங்கவில்லை. எட்டு ரிவெட், ஒன்றுகூடச் சாயவில்லை. அவள் அப்பாவாவது ஐந்துக்கு ஒன்றைக் கெடுப்பார். ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு தட்டு தட்டினேன். மிச்சமிருந்த நாலு ரிவெட்டை எல்லோருக்கும் காட்டி, சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, சட்டத்தைத் திருப்பி வால்களைக் காட்டினாள். மேடம் எழுந்துவந்து விரலால் தடவிப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். எனக்கு நெஞ்சு விம்மியது. என் பிள்ளை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சட்டம் திரும்பிவிட்டதால் இப்போது நானும் எல்லோர் கண்ணிலும் பட உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கதை. ஐஸ்பெட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், சாப்பாடு பரிமாறக் காத்திருக்கிறவன் மாதிரி. அவனுடைய வீரத்தை மகள் ஒரு குறையும் வைக்காமல் சொன்னாள். ஏழு இறக்கை, இருநூற்றுச் சொச்சம் ரிவெட், எல்லாம் வந்தது. காரணத்துக்கு வந்தபோது மட்டும், "மிச்ச ரிவெட்டுகள் திரும்பப் பெட்டிக்குள்ள வைக்கப்பட்டிருந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டினாள். யார் வைத்தது என்று சொல்லவில்லை.

ஐஸ்பெட்டி கையைத் தூக்கி நிறுத்தினான். யார் வைத்தார்கள் என்பதுதான் பாடமே, அதை விட்டால் மாணவர்களுக்கு என்ன தங்கும் என்று கேட்டான். எழுந்து தகட்டுப் பக்கம் வந்தான். சட்டத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் காட்டினான்.

"இதோ, இந்த அம்மா மாதிரி ஒருத்தங்கதான். தப்பா நினைக்காதீங்கம்மா, ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன். நல்ல உழைப்பாளி, ஆனா படிப்பு இல்ல. வீணாப் போகுதேன்னு திரும்பப் பெட்டியில போட்டுட்டாங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? சொல்லுங்க டீச்சர், முழுசாச் சொல்லுங்க."

ஒரு முழம் தூரத்தில் நின்றான். வாயில் ஏலக்காய் வாசனை. கையில் ஒரு கிலோ இரும்பு இருந்தது. அவன் காலில் அதைப் போடலாமா என்று நினைத்தேன், அதையும் மறைக்க மாட்டேன். அவன் நடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அருவருப்பு. முப்பத்தோரு வருஷம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யை அவனே நம்பிவிட்டிருந்தான். பாவம் என்று என்மேல் இரக்கம் வேறு படுகிறான்.

மகள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இல்லையென்று தலையை அசைத்திருந்தால் அந்த நிமிஷமே துப்பாக்கியைத் தூக்கிப் போட்டிருப்பாள். சொல்லாதே என்று என் உள்ளம் அடித்துக்கொண்டது. வேலை போனால் போகட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இவனை நாலு வார்த்தை கேள், நீயாவது கேள் என்று கெஞ்சியது. நான் தலையை ஆட்டினேன். சொல் என்றுதான் ஆட்டினேன்.

"கவனமில்லாத ஒரு ஹெல்பர் செஞ்ச தப்பு" என்றாள் மகள். பிசிறில்லாமல் வந்தது. படிப்பறிவு இல்லாதவள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஐஸ்பெட்டி திருப்தியாகப் போய் உட்கார்ந்தான். மேடம் எழுதிக்கொண்டே, அந்த ஹெல்பர் யார், அப்புறம் என்ன ஆனார்கள் என்று சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க பேரு அறிக்கையில இல்ல மேடம்" என்றாள்.

மத்தியானமே முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஒரே பெயர், என் மகளுடையது. ஐஸ்பெட்டி வெளியே வந்து அவளிடம் கை கொடுத்தான். விழாவுக்கு அவசியம் வர வேண்டும், அம்மாவையும் கூட்டிவர வேண்டும் என்றான். கட்டி பிடித்தவள்தான் அம்மா என்று அப்போதுதான் யாரோ சொன்னார்கள். அப்படியா என்று பல்லைக் காட்டிவிட்டுக் காரில் ஏறினான். நான் அவன் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் எனக்காக நிற்கவில்லை, முன்னால் நடந்துவிட்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நான் ஏதேதோ பேசினேன். இனிமேல் மார்ச்சில் யாரும் உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது, எட்டு ரிவெட்டும் முத்து மாதிரி விழுந்தது, இதை விட வேறென்ன வேண்டும் என்றேன். அவள் பின்கழுத்துதான் எனக்குத் தெரிந்தது. திரும்பவே இல்லை.

வீட்டில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்திருந்தார். கிடைத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, மகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே நின்றாள்.

"அப்பா, அன்னிக்கு நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. இந்த மனுஷன் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீர்த் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்கம்மாதான் போடச் சொன்னா. நான் மாட்டேன்னேன். போடலேன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க, உன் சம்பளம் பெருசு, குழந்தைக்கு என்ன வழின்னு கேட்டா. போட்டுட்டு வான்னு அனுப்பினா."

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பொய்யில்லை. அன்றைக்கு விடியும்வரை பேசியது நான்தான். அவர் நாலு தடவை மாட்டேன் என்றார். நாலு தடவையும் அவர் வாயை அடைத்து, காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பியதும் நான்தான். அவர் போய்ச் சொன்னபடி போட்டுவிட்டு வந்து நின்றார். ஐந்தாவது தடவையும் மாட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது அவர்மேல் எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. சும்மா பார்த்தாள், பேசிப் பிரயோஜனம் இல்லாத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து அவள் அப்பா கையில் கொடுத்து, நீங்க உக்காருங்கப்பா என்றாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. முப்பத்தோரு வருஷமாக இந்த வீட்டில் அவரை நான் அப்படித்தான் பார்த்துவந்திருக்கிறேன்.